திறப்பு விழாவுக்கு உதவாத ஆதாரம்

கொரோனா பரவிய 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் காய்கறிச் சந்தை வாசலில் ஒரு கிருமிநாசினிச் சுரங்கம் முளைத்தது. பையோடு வந்தவர்கள் கைகளைத் தூக்கியபடி சில நொடி உள்ளே நடக்க வேண்டும். கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல சோடியம் ஹைப்போகுளோரைட் தெளிக்கும். மறுபக்கம் வந்தால் ஆள் சுத்தம்! படம் பரவியது, ஊருக்கு ஊர் சுரங்கம் வந்தது.

ஏப்ரல் 18-ல் மத்திய சுகாதார அமைச்சகம் ஆட்கள் மீது தெளிக்க வேண்டாம் என்றது. உடம்புக்குள் போய்விட்ட வைரஸை மேலே தெளிக்கும் மருந்து கொல்லாது. கண்ணும் தோலும்தான் எரியும். மே மாதம் உலக சுகாதார நிறுவனம், தெருவில் தெளிப்பதையும் பரிந்துரைக்கவில்லை என்றது. மண்ணும் அழுக்கும் பட்டால் மருந்து செயலிழந்துவிடுமாம்.

ஆனாலும் தெளிப்பு லாரிகள் உடனே ஓய்ந்துவிடவில்லை. அறிவியல் ஆதாரத்திடம் உள்ள பெருங்குறை இதுதான்: நுரை வராது, புகை வராது, நெடியும் அடிக்காது. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறினால்தான் வேலை நடக்கிறது என்று நமக்கும் நம்பிக்கை.

காற்றில் பரவும் நோய்க்கு ஜன்னலைத் திறந்து வைப்பது நல்ல வழிதான். ஆனால் ஜன்னலைத் திறக்க டெண்டர் விட முடியுமா? ரிப்பன் வெட்டத்தான் முடியுமா?

ஆகவே ஆய்வாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை முடிவுகளை அறிக்கையாக அனுப்பாதீர்கள். ஒரு மோட்டார், நாலு குழாய் பொருத்தி, மேலே தலைவர் படத்துக்கு இடம் விட்டு அனுப்புங்கள். மறுநாளே அமலுக்கு வரும்.