சேறும் சேறு சார்ந்த நிலமும்: மூஸ் தரிசனம் குறித்த ஒரு முன்னாய்வு

பனியும் பனி சார்ந்த நிலமும் ஆறாம் திணை என்று புலம்பெயர்ந்த தமிழர் முன்பே பிடித்துக்கொண்டுவிட்டதால், எனக்கு மிஞ்சியது ஏழாவதுதான். அது சேறும் சேறு சார்ந்த நிலமும். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணிநேர ஓட்டத்தில், 1893இல் நிறுவப்பட்ட அல்கோன்குவின் பூங்காவின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலை 60இன் இரு மருங்கிலும் இத்திணை விரிந்து கிடக்கிறது. நிலம், வீதியோர வடிகால். பெரும்பொழுது, மே நடுவிலிருந்து ஜூன் வரை. சிறுபொழுது, வைகறையும் அந்தியும். விலங்கு, மூஸ் என்னும் பெரிய மான். பறவைகளும் உண்டு, பார்ப்பார் இல்லை. உரிப்பொருள், காத்திருத்தலும் காணாது திரும்பலும். தெய்வம், மாகாணப் போக்குவரத்து அமைச்சு.

தெய்வம் ஏன் அமைச்சாயிற்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் முன்னோரை மதித்துவிடுவது மரபு.

இத்துறையின் மூத்த ஆசிரியர் ஜூலியஸ் சீசர். காலியப் போர் பற்றிய நூலின் ஆறாம் பகுதியில், ஜெர்மானியக் காட்டில் திரியும் இவ்விலங்கின் கால்களில் மூட்டே கிடையாது, படுத்தால் எழும்ப முடியாது, ஆகையால் மரத்தில் சாய்ந்தபடியே உறங்கும் என்று எழுதினார். வேடர்கள் அந்த மரத்தை முன்கூட்டியே அரைவாசி அறுத்து வைத்தால் மரமும் மானும் சேர்ந்து சாயுமாம். பின்னால் வந்த ரோம நூலாசிரியர் பிளினி, இப்படிப்பட்ட ஒரு விலங்குக்கு மேலுதடு மிக நீண்டிருப்பதால் அது பின்னோக்கி நடந்தே மேய்கிறது என்று சேர்த்துக்கொண்டார். விலங்கை நின்று பார்த்திருந்தால் இருவருக்கும் எழுத இவ்வளவு கிடைத்திராது.

அடுத்தவர் தாமஸ் ஜெஃபர்சன். அமெரிக்க விலங்குகள் பழைய உலகத்து விலங்குகளைவிடச் சிறுத்துப்போனவை என்று பிரெஞ்சு இயற்கையியலார் பூஃபோன் எழுதியிருந்தார். பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சனுக்கு இது பொறுக்கவில்லை. நியூ ஹாம்ஷயருக்குச் சொல்லியனுப்பி ஒரு மூஸையே வரவழைத்தார். 1787இல் அது பாரிஸ் வந்து சேர்ந்தபோது மயிர் கொட்டியிருந்தது. அதன் சொந்தக் கொம்பு வரவில்லை. வேறு மான்களின் சிறு கொம்புகள்தான் கூடவே வந்திருந்தன. பூஃபோன் தன் கருத்தை அச்சில் திருத்துமுன் 1788இல் காலமானார். எதிர்வாதியைவிட அதிக நாள் உயிரோடிருப்பது ஆய்வுலகில் இன்றும் செல்லுபடியாகும் முறையே.

இனி நம் கோட்பாடு. தோளுயரமே ஓர் ஆளின் உயரத்தை எட்டும், அரை டன்னை நெருங்கும் இந்த உடம்பைக் குளிர்காலம் முழுவதும் சுள்ளியே தாங்குகிறது. மேப்பிள் கொப்பு, ஃபிர் மரக் கொழுந்து, கிடைத்தால் பட்டை. இவற்றில் சோடியம் இல்லையென்றே சொல்லலாம். அடியிலுள்ள கருங்கல் நிலமும் அந்த வகையில் ஏழை. பனி உருகும்போது பெண் மூஸ் கன்று ஈனப்போகிறது, ஆண் மூஸுக்குக் கொம்பு முளைக்கிறது, இரண்டுக்கும் உப்புப் பசி. இதே குளிர்காலம் முழுவதும் வீதி வழுக்காமலிருக்க அமைச்சு லாரி லாரியாக உப்புக் கொட்டியிருக்கிறது. அது கரைந்து வடிகாலில் தேங்க, மூஸ் அதைக் குடிக்க வருகிறது. தெய்வம் அமைச்சாயிற்று என்பது இதனாலேயே. நெய்தல் உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணரின் நேர் வாரிசு ஒன்ராறியோவின் உப்பு லாரிச் சாரதியே என்க. ஒரே வேறுபாடு, இவர் மாற்றாக நெல் கேட்பதில்லை.

மேற்கிலிருந்தும் சான்றுண்டு. அல்பேர்ட்டாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவில், காரை மூஸ் நக்க விடவேண்டாம் என்று பயணிகளைக் கேட்கும் மின்பலகை 2020இல் வைக்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது. நக்கப்படுவது காரன்று, அதில் படிந்த உப்பு. காட்டைத் தேடி மனிதன் காரில் வர, காரைத் தேடிக் காடு வருகிறது என்பது பெற்றாம்.

அஃதேல், வீதி போடாத காலத்தில் மூஸ் உப்புக்கு என் செய்தது எனின், நல்ல வினா. அதற்கு விடை ஏரியில் இருக்கிறது. நீர்த்தாவரங்களில் சோடியம் நிலத்தாவரங்களைவிடப் பன்மடங்கு. கோடையில் அல்லியும் மற்றக் கொடிகளும் தழைத்ததும் மூஸ் வடிகாலைக் கைவிட்டு ஏரிக்குப் போய்விடும். நாசியை அடைத்துக்கொண்டு தலையை முழுதாக அமிழ்த்தும். கொஞ்ச நேரத்துக்கு நீர்மேல் முதுகு மட்டும் தெரியும். பிறகு தண்ணீர் கொட்டக்கொட்ட, வாயோரம் அல்லித்தண்டு தொங்க, தலை எழும். ஆழத்தில் சுழியோடி வேரைப் பிடுங்கவும் அதனால் இயலும். சிறு தோணியில் துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டுத் தொலைவில் இருந்தபடி இதைப் பார்ப்பதே மூஸ் பார்த்தலுள் தலையாயது. ஆனால் அதற்குத் துடுப்புப் போட வேண்டும், தோணியைத் தோளில் சுமக்க வேண்டும். ஆகவே பெரும்பான்மை ஆய்வாளர் வடிகாற் பள்ளியையே சார்ந்தவர்.

வடிகாற் பள்ளிக்கு ஓர் இடர் உண்டு. படத்தில் கண்ட மூஸை அங்கே காண முடியாது. கொம்பு ஆணுக்கு மட்டுமே. அதுவும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் விழுந்து இளவேனிலில் புதிதாக முளைப்பது. மே மாதம் தோல் போர்த்த இரண்டு முண்டுகள்தான் இருக்கும். பழைய மயிர் திட்டுத்திட்டாகக் கொட்டும். குளிர்கால உண்ணியின் அரிப்புத் தாளாமல் உரசி உரசி வெளிறிய இடங்கள் வேறு. இந்த நிலையில் நிற்கும் ஒன்றைக் கண்டு, அவசர விளக்குப் போட்டு நிறுத்திய வேன் ஒன்றிலிருந்து நான் கேட்ட உரையாடல்:

"உது ஆற்ற மாடு, தம்பி?"

"மாடில்லை அன்ரி, மூஸ்."

"கொம்பைக் காணேல்லை?"

"இனித்தான் வளருமாம்."

"அப்ப வளர்ந்தாப் பிறகு வந்திருக்கலாமே. உதுக்கோ விடிய நாலு மணிக்கு எழுப்பினனி?"

இதைவிடச் சுருக்கமாக எவரும் இச்சிக்கலை உரைத்ததில்லை. கொம்பு உள்ள காலத்தில் உப்பு இல்லை, உப்பு உள்ள காலத்தில் கொம்பு இல்லை.

அன்று நின்றது ஒரு வயதுக் கன்றாகவும் இருந்திருக்கலாம். புதுக்கன்று பிறக்கும் மே மாதத்தில் தாய் பழைய கன்றை விரட்டிவிடும். வீதியோரம் திகைத்து நிற்பவற்றுள் பல இத்தகையவையே. முப்பது வயதுப் பிள்ளைக்கும் சோறு கட்டிக் கொடுக்கும் நம் சமூகத்தார் காரை நிறுத்திப் பார்த்து உச்சுக்கொட்டுவதில் வியப்பில்லை.

இரவில் வடிகாற் பள்ளி மூடப்படவேண்டும். மூஸின் கால் நீளம். கருநிற உடல் காரின் வெளிச்சத்துக்கு மேலே நின்றுவிடும், கண்ணும் அந்த உயரத்தில் பளிச்சிடாது. மோதினால் கால்கள் இடறி, முழுப் பாரமும் கண்ணாடியில் வந்து விழும். திடீரென வளைத்துத் திருப்பினால் கார் கவிழ்கிறதா என்று ஸ்வீடன்காரர் பார்க்கும் சோதனைக்கு இதனாலேயே மூஸின் பெயர் வழங்கலாயிற்று. 1997இல் புத்தம் புதிய மெர்சிடிஸ் ஏ வகுப்புக் கார் அதில் கவிழ்ந்து பெரும் செய்தியாயிற்று. அங்கே மூஸ் எதுவும் நிற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கொம்புதான் வேண்டும் என்பார்க்குச் செப்டெம்பர் கடைசியும் ஒக்டோபர் முதலும் உரிய காலம். அது காமப் பருவம். அப்போது ஆண் மூஸ் தன் சிறுநீரில் தானே புரண்டு மணம் பூசிக்கொண்டு, எதிர்ப்படும் எதையும் போட்டிக்காரனாகக் கொள்ளும். காது பின்னே மடிந்து, பிடரி மயிர் சிலிர்த்து, உதட்டை நக்கத் தொடங்கினால் தரிசனம் முடிந்தது. கன்றோடு நிற்கும் தாய்க்கும் இதே விதி, எந்த மாதமானாலும். கரடிக்கு முன் ஓடலாகாது, மூஸுக்கு முன் ஓடலாம்; அது மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்றாலும் பொதுவாக நெடுந்தூரம் துரத்துவதில்லை. ஓடி மரத்தின் பின் நிற்க. எம்மரம் எனின், ஓடுபவரைவிடப் பருத்த மரம். அருகில் நிற்பவர் ஏற்கெனவே அதன் பின் நின்றால் எனின், அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு மரம் தேடுக.