கூழைக்கடாவுக்கு ஒரு சுற்றறிக்கை

பெறுநர்: சரணாலய எல்லைகளைத் திருத்தும் உயர் அதிகாரி அவர்கள், சென்னை.
பொருள்: வேடந்தாங்கலின் வெளிவட்ட 2 கிலோமீட்டரைப் பறவைகளிடமிருந்து மீட்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1998-இல் வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. 2020-இல் தங்கள் தரப்பு கணக்குப் போட்டு, 3 போதும், மிச்சத்தைச் சுற்றுச்சூழல் உணர்திறன் மண்டலம் ஆக்கிவிடலாம் என்று முன்மொழிந்தது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் மருந்துத் தொழிற்சாலை ஒன்று விரிவாக்கத்துக்கு அனுமதி கேட்டிருந்ததும் அப்போதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கும் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

ஒரே சிக்கல், இந்த விவரம் பறவைகளுக்கு எட்டவில்லை. ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். நீர்க்கடம்பில் கூடு கட்டி முட்டையிட அது போதும், இரைக்குப் போதாது. நத்தைகுத்தி நாரை சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும் இறங்கித்தான் நத்தை பொறுக்குகிறது. ஆகவே வெளிவட்டத்து நத்தை, மீன், தவளை யாவும் 15 நாட்களுக்குள் உள்வட்டத்துக்குக் குடிபெயர வேண்டுமென ஓர் ஆணை போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

ஊர்க்காரர்களைத் தாங்கள் மன்னிக்க வேண்டும். பழைய வழக்கத்தை விடத் தெரியாதவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை வாங்கினார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். விரிவாக்கத்தில் கிழக்கிந்தியக் கும்பெனியை மிஞ்ச ஆளுண்டா? அவர்களே இந்த ஏரியை விட்டுவைத்தார்கள்.

எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்தால் உரச் செலவு மிச்சம். அந்தச் சுயநலத்தை மறைப்பானேன்? ஆனால் தீபாவளிக்கும் வெடிச் சத்தம் கூடாது என்பதில் என்ன லாபம்? அணுகுண்டு கேட்டு அழும் பேரன் கையில் கம்பி மத்தாப்பைத் திணித்து, “பறவை மிரண்டுடும்டா” என்கிறாள் பாட்டி. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தங்களுக்குப் பிரிவு, உட்பிரிவு எல்லாம் மனப்பாடம். அதனால்தானே எதை எங்கே தளர்த்தலாம் என்று தெரிகிறது.

பாட்டியின் தடை எத்தனை கிலோமீட்டர் வரை செல்லும் என்பதையும் தெளிவுபடுத்தக் கோருகிறேன். 3-ஐத் தாண்டிப் பத்தடி நடந்தால் பேரன் கொளுத்தலாமா?

கூழைக்கடா வந்து சேர நவம்பர் ஆகும். அதற்குள் சுற்றறிக்கை கிடைத்தால் கரையிலேயே நின்று படித்துக் காட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
வெளிவட்டத்தில் குடியிருப்பவன்