வெந்நி குளிக்கப் போற பேரப்பிள்ளைக்கு

ஏலே மக்கா, இமயமலைக்கு வெந்நி குளிக்கப் போறியாம்லா? ஒங்க ஆச்சி சொன்னா. சித்திரை மாசம் மத்தியானம் நம்ம சாயர்புரத்துல குழாயைத் திறந்தா வாறதும் வெந்நிதான். அதுக்குத் துட்டும் கிடையாது, கம்பளிச் சட்டையும் வேண்டாம். நீ மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போயி குளிக்கணும்ங்க. போ. நான் தடுக்கல. போப் ஐயரே 1840கள்ல நம்ம ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் வச்சவரு, பொறவு ஊட்டிக்குத்தான் ஏறுனாரு. வெயில் தாங்கலையோ என்னவோ.

மொதல்ல நீ எக்வடார்லா போறேன்னு நின்ன? ஆண்டிஸ் மலையில பாஞோஸ்னு ஒரு ஊரு, துங்குராவா எரிமலைக்கு அடியில வெந்நிக் குளம், பாதாளத்து மேல ஊஞ்சல்னு போன்ல படம் காட்டுன. நானும் விடல, மத்தவங்கிட்ட விசாரிச்சேன். 1999ல மலை பொங்கப்போகுதுன்னு அரசாங்கம் ஊரையே காலி பண்ண வச்சிருக்கு. மூணு மாசம் பொறுத்துப் பாத்த சனம், 2000 ஜனவரியில காவலைத் தள்ளிக்கிட்டு அவனவன் வீட்டுக்குத் திரும்பிட்டு. நம்ம ஆளுக மாதிரியே இருக்கான்னு நெனச்சேன். அந்த ஊர்ல கடை வாசல்ல முளை அடிச்சி, கரும்புச் சாறு மிட்டாயை அதுல மாட்டி இழுத்து இழுத்து விக்கானாம். அங்க போயி அதைப் படம் எடுப்ப. இங்க ஒங்க ஆச்சி கருப்பட்டிக் காப்பி குடுத்தா மூஞ்சியைத் திருப்புவ. பிளேன் டிக்கெட் விலையைப் பாத்ததும் சத்தத்தைக் காணும். ஆண்டிஸ் போனா ஆண்டியாத்தான் திரும்பணும்னு ஒனக்கே தெரிஞ்சிட்டு. இப்பம் இமயமலையில உள்ள மணிகரண்.

அந்தப் பேருக்குக் கதை தெரியுமா? பார்வதி அம்மன் காதுமணியைத் தண்ணியில தொலைச்சிட்டா. சிவன் கோவத்துல ஆட, ஆதிசேஷன் பயந்து சீறுனதுல வெந்நியோட மணி மணியா மேல வந்துச்சாம். 1905ல காங்க்ரா பக்கம் பூமி அதிர்ந்த வரைக்கும் தண்ணியில மணி வந்துக்கிட்டு இருந்துச்சுன்னு அந்த ஊர்க்காரன் சொல்லுதான். நம்பு, நம்பாத. நம்ம தூத்துக்குடிக் கடல்லயும் 1961க்கு மேல முத்துக்குளிப்பு கிடையாதுலா. கல்லைக் கட்டி மூச்சடக்கி முத்தெடுத்த கரையில பொறந்தவன், காதுமணி தொலைச்ச ஊருக்குத் துண்டோட போறான். கையில கிடைச்சா ஆச்சிக்கு ஒண்ணு கொண்டாந்துரு.

நீ குளிக்கப் போற தண்ணி என்ன சூடுன்னு கேட்டியா? அந்த ஊரு ஆயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேல. அந்த உசரத்துல தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிரும். ஊத்தும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டுலதான் வருது. எரிமலை ஒண்ணும் கிடையாது. மலைத் தண்ணி பாறைச் சந்து வழியா ஆழத்துக்கு இறங்கி, அங்கன உள்ள சூட்டுல வெந்து மேல ஏறுது. குருத்வாராவுல அரிசியையும் பருப்பையும் சட்டியில போட்டு மூடி அந்த ஊத்துலதான் இறக்குதாவ. விறகும் இல்ல, கேஸும் இல்ல. குருநானக்கோட போன மர்தானா சுட்ட சப்பாத்தி மொதல்ல முங்கிப்போச்சாம். ஒண்ணைக் கடவுளுக்குன்னு நேந்ததும் மிதந்து வந்துச்சாம். ஒன் கூட வாற தடியன்மார்கிட்டச் சொல்லி வை: சாதம் வேகுற குழியில காலை விட்டுப் பாக்கப்பிடாது. குளிக்கதுக்குப் பச்சத்தண்ணி கலந்த தொட்டி தனியா உண்டு. பத்து நிமிஷத்துல ஏறிரு, தலை சுத்தும். குருத்வாராவுக்குள்ள தலையில துணி கட்டு, செருப்பைக் கழத்து. சாப்பாடு சும்மா கிடைக்குன்னு மூணு பந்தி உக்காராத. சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சிட்டு வா.

அப்புறம் அந்தச் சாகசம். மணாலி பக்கம் சோலாங்குல பட்டம் மாதிரி ஒண்ணுல கட்டிப் பறக்க விடுதானாம், பியாஸ் ஆத்துல ரப்பர் படகுல உருட்டுதானாம். செத்தா எங்க பொறுப்பு இல்லன்னு மொதல்லயே கையெழுத்து வாங்கிக்கிடுதான். எங்கய்யா நாளைக்கு முப்பது பனை ஏறுனாரு, காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. கால்ல தளைநார், இடுப்புல அருவாப்பெட்டி. மேல காத்து ஆட்டும், தேள் நிக்கும். ஒரு கையெழுத்தும் போடல, ஒருத்தனும் படம் எடுக்கல. எறங்கி வந்தா கலயத்துல பதநி இருக்கும். நீ எறங்கி வந்தா பாக்கெட்டுல என்ன இருக்கும்னு யோசிச்சிக்கோ.

இனி சிரிக்காம கேளு. ஆத்துப் பக்கம் படம் எடுக்கப் போவாத. 2014 ஜூன்ல ஹைதராபாத் இன்ஜினியரிங் பிள்ளைக பியாஸ் பாறை மேல நின்னு படம் எடுத்துக்கிட்டு இருக்கையில, மேல லார்ஜி அணையைத் திறந்துட்டான். 24 பிள்ளைக போயிட்டு. தண்ணி வத்திக் கெடக்கேன்னு எறங்குன பிள்ளைகதான். 2023 ஜூலையில அதே ஆறு மணாலி ரோட்டையே தின்னுட்டு. அதே வருஷம் டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் ஊத்தி, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலும் சனமும் சிக்கிக் கெடந்ததை நீ கண்ணால பாத்தவன்லா? மழை மாசத்துல மலைக்குப் போவாத. புரட்டாசி, ஐப்பசியில போ. வானம் தெளிஞ்சிருக்கும்.

பைக்குள்ள சில்லுக்கருப்பட்டி ரெண்டு பொட்டி வச்சிக்கோ. முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல சென்னை, அங்கேர்ந்து டெல்லி, டெல்லியில ராத்திரி பஸ் ஏறுனா காலையில பூந்தர். அங்கன எறங்கி வேற பஸ்ல முப்பத்தஞ்சு கிலோமீட்டர். இவ்வளவும் தாத்தாவுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. முழங்கால் வலிக்கு அந்த வெந்நி நல்லதாம்னு ஒங்க ஆச்சி மூணு மாசமா அரிக்கா. முதியோர் சலுகையை ரயில்ல 2020 மார்ச்லயே நிறுத்திட்டான், அதனால முழு டிக்கெட்டுதான் ஆகும். பரவால்ல, நீதான் சம்பாதிக்கியே. ரெண்டும் கீழ்ப் படுக்கையாப் பாத்துப் போடு.