கையடக்க மின்சாரத்துக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு,
கொழும்பு.

விடயம்: பவர் பேங்க் மூலம் மின் விநியோகம் செய்ய அனுமதிப்பத்திரம் கோரல்

பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

கண்டி வாவிக்கு மேலே ஏறும் ஒழுங்கை ஒன்றில், வெளிநாட்டுப் பயணிகளுக்கு அறை விட்டுப் பிழைக்கும் பிரஜை நான். இந்நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மின்சாரம் விநியோகிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த தாங்கள்தான் அந்தப் பத்திரத்துக்குப் பொறுப்பு என்பதும் தெரியும். அப்படியிருந்தும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு விறாந்தையில் பகிரங்கமாக மின் விநியோகம் நடந்துவிட்டது. யாராவது பெட்டிஷன் போடும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

அன்று முற்பகல் பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததை நினைவூட்டத் தேவையில்லை. நாடு முழுவதும் கரண்ட் போனது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், அவற்றை மறுபடி ஓடவைக்கும்வரை அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வேறு. காரணம் குரங்குதான் என்று அமைச்சரே சொன்னார். கண்டிக்காரர்களுக்கு அதைக் கேட்டு ஆச்சரியம் வரவில்லை, பெருமைதான் வந்தது. உடவத்தகெலே காட்டிலிருந்து இறங்கும் எங்கள் குரங்குகள் காலையும் மாலையும் மின்கம்பிகளில்தான் நடை போகின்றன. கூரை ஓட்டைக் கழற்றும், மாங்காயைக் கடித்துவிட்டு எறியும், காயப்போட்ட சட்டையைக் கொண்டுபோகும். ஆனால் தேசிய மின்கட்டமைப்பில் அவை இதுவரை கை வைத்ததில்லை. அந்தப் பொறுப்புணர்ச்சியை யாராவது எழுத்தில் பாராட்டியிருக்கிறார்களா?

அன்று என் வீட்டில் ஒரு ஜெர்மன்காரர் தங்கியிருந்தார். ஆறு மாதப் பயணம். பையைத் திறந்தார். சட்டை இரண்டு, காற்சட்டை ஒன்று, மீதி வயர். உள்ளங்கை அளவு சார்ஜர் ஒன்று. அதில் நாலு துவாரம், 65 வொட், லெப்டொப்பும் போனும் ஒரே நேரத்தில் ஏறும். நெற்றியில் கட்டும் டோர்ச். புத்தகம் படிக்கும் பலகை ஒன்று, ஒரு தரம் சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் போகுமாம். தண்ணீர்க் கிளாசுக்குள் விட்டுக் கலக்கினால் புற ஊதாக் கதிரால் கிருமி கொல்லும் பேனா. இரைச்சலை விழுங்கும் ஹெட்போன். (கண்டி பஸ் நிலையத்தில் நடத்துனர்களின் குரலை அது விழுங்குமா என்று கேட்டேன். அதற்கு இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றார்.) எல்லாவற்றுக்கும் அடியில், செங்கல் கனத்தில் ஒரு பவர் பேங்க்.

அந்தச் செங்கல்லிலிருந்து ஒரு சின்ன வயர் எடுத்து எங்கள் வைஃபை பெட்டியில் குத்தினார். யூஎஸ்பியின் 5 வோல்ட்டை 12 ஆக உயர்த்தும் வயராம். பச்சை விளக்கு எரிந்தது. ஒழுங்கையில் செய்தி பரவக் கால் மணித்தியாலம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர், குவைத்திலிருந்து மகள் எடுக்கும் நேரம் என்று போனுடன் வந்தார். த்ரீவீல் ஓட்டும் தம்பி வந்தார். ட்யூஷன் பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவரவர்க்கு இருபது நிமிடம் என்று என் வீட்டுக்காரி கொப்பியில் பெயர் எழுதி நேரம் பிரித்துக் கொடுத்தாள். உற்பத்தி, கடத்துகை, விநியோகம், நேர அட்டவணை, நுகர்வோர் சேவை எல்லாம் ஒரே விறாந்தையில். இதற்குத்தான் அனுமதிப்பத்திரம் கேட்கிறேன்.

நேர அட்டவணை பற்றி ஒரு வார்த்தை. அதை நாங்கள் தங்களிடமிருந்தே கற்றோம். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டுக்குத் தாங்கள் அனுமதி வழங்கிய காலத்தில் மின்வெட்டு வலயங்களுக்கு எழுத்துகளால் பெயர் வைத்ததில் நாட்டு மக்கள் எல்லோரும் ஆங்கில எழுத்துகளானோம். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்க வந்தவர்கள்கூட ராசிக்கு முன் மின்வெட்டு வலயத்தைக் கேட்டார்கள். “நீங்க பீயா கியூவா?” நான் எந்த எழுத்து என்று தெரியாமல் அறை பதிவு செய்யமாட்டோம் என்றார்கள் பயணிகள். நட்சத்திர ஹோட்டல்கள் ஜெனரேட்டர் போட்டன, டீசலுக்கு வரிசையில் நின்றன. என்னைப் போன்றவர்கள் பயணிகளின் பைகளை நம்பினோம்.

இனிப் பிளக் விவகாரம்.

என் வீடு அப்பா காலத்துக் கட்டடம். முன் அறையில் 5 அம்பியர் உருண்டை முள். குசினியில் 15 அம்பியர் தடித்த உருண்டை முள். நான் பின்னர் கட்டிய மாடியில் 13 அம்பியர் சதுர முள். ஒரு வீட்டுக்குள் மூன்று பரம்பரை. நாட்டுக்கு ஒரே பிளக்தான், அது 13 அம்பியர் சதுர முள்தான் என்று சில வருடங்களுக்கு முன் தாங்கள் அறிவித்தீர்கள். அருமையான தீர்மானம், அதில் எனக்குப் பகடி எதுவும் இல்லை. ஆனால் அது கொழும்பிலிருந்து புறப்பட்டு, கடுகண்ணாவை ஏற்றத்தில் கடலைக்காரன் அருகே நின்று இளைப்பாறுகிறது போலும். பழைய வீடுகளுக்குள் இன்னும் வந்து சேரவில்லை. சுவரை உடைத்து வயர் மாற்றுகிற செலவு தீர்மானத்தில் எழுதப்படவில்லை, வீட்டுக்காரன் தலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வெள்ளைக்காரனையும் கொஞ்சம் குற்றம் சொல்லலாம். உருண்டை முள்ளை இங்கே கொண்டுவந்தவன் அவன். 1947இல் தன் வீட்டுக்கென்று சதுர முள்ளுக்குத் தரம் வகுத்துக்கொண்டு, உருண்டையை இந்தியாவுக்கும் எங்களுக்கும் விட்டுவிட்டுப் போனான். இந்தியா உருண்டையிலேயே நின்றது. நாங்கள் பெரிய மனதுடன் இரண்டையும் வைத்துக்கொண்டோம். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டார். இந்த நகரிலிருந்து மிக நீண்ட காலப் பயணம் போனவர் அவர்தான், திரும்பவேயில்லை. இன்று யாராவது அதே வழியில் போனால் முதலில் தேவைப்படுவது அடாப்டர்.

அந்தச் சதுர முள்ளில் ஒரு நுட்பம் உண்டு. மேலே நிற்கும் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் நுழைந்து, உள்ளே இருக்கும் சிறு கதவுகளைத் திறந்துவிட்டால்தான் மற்ற இரண்டுக்கும் வழி. குழந்தைகள் விரலையோ கம்பியையோ விட்டு அடிபடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. எங்கள் ஊரில் என்ன செய்கிறோம்? இரண்டு முள் சார்ஜருடன் ஐரோப்பியர் வந்து நின்றால், மேசையிலிருந்து போல்பொயின்ட் பேனாவை எடுக்கிறோம். அதன் மூடியை எர்த் துளையில் சொருகிச் சற்றே கீழே அழுத்துகிறோம். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். கதவு திறக்கிறது. இரண்டு முள்ளும் கோணலாக உள்ளே போகின்றன, ஒரு பொறி பறக்கிறது, போன் சார்ஜ் ஏறுகிறது. இதைச் செய்து காட்டுவது பெரும்பாலும் வீட்டில் உள்ள எட்டு வயதுப் பிள்ளை. யாருக்காக அந்தக் கதவு வைக்கப்பட்டதோ, அந்தப் பிள்ளைதான் அதைத் திறக்கும் நிபுணர். அனுமதிப்பத்திரம் கேட்டு அதுவும் விண்ணப்பிக்குமோ என்று பயமாக இருக்கிறது.

என் சொந்தச் செலவில் ஒவ்வோர் அறைக்கும் சர்வதேச அடாப்டர் வாங்கி வைத்தேன். அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது என்பதை அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் தலைமுடி உலர்த்தி எங்களுக்குக் கற்றுத் தந்தது. 120 வோல்ட்டுக்குப் பிறந்த அந்த ஜீவன் எங்கள் 230ஐ ஒரு மூச்சு இழுத்தது. பப்படம் கருகிய வாசம், பிறகு ட்ரிப் சுவிட்ச் விழுந்த சத்தம். போன், லெப்டொப், கமரா சார்ஜர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. பெரும்பாலும் 100 முதல் 240 வரை தாங்கும் என்று அவற்றின் முதுகிலேயே எழுதியிருக்கும், எறும்பு அளவு எழுத்தில். சுற்றுலாக் கையேடுகள் கோவில் நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. இதைப் போட்டால் என்ன?

ஐயா, கணக்கொன்று போட்டுப் பார்த்தேன். கண்டி என்பது அணைகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். இந்தப் பக்கம் பொல்கொல்லை, அந்தப் பக்கம் தெல்தெனியாவில் விக்டோரியா, மேலே கொத்மலை. பிரித்தானிய உதவியில் எழும்பிய விக்டோரியாவை 1985இல் மார்கரட் தட்சர் வந்து திறந்துவைத்தார். பழைய தெல்தெனியா பட்டணம் அந்த நீருக்கடியில் போனது. விக்டோரியாவில் 70 மெகாவொட் இயந்திரங்கள் மூன்று, மொத்தம் 210 மெகாவொட். ஜெர்மன்காரரின் பவர் பேங்க் 20,000 மில்லி அம்பியர் மணி, 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வொட் மணி. அணை முழுச் சக்தியில் ஒரு மணித்தியாலம் ஓடினால் அப்படிப்பட்ட 28 லட்சம் செங்கற்களை நிரப்பலாம், வழியில் ஒன்றும் சிந்தாவிட்டால். இத்தனை தண்ணீருக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு, விருந்தாளியின் பையிலிருந்து கரண்ட் வாங்கும் ஊர் எங்களுடையது. 2023 டிசம்பர் 9ஆம் திகதி நாடு இருண்டபோது செயலிழந்தது கொத்மலையிலிருந்து பியகமைக்குப் போகும் பாதைதான் என்று சொன்னார்கள். அன்று குரங்கைக் குறை சொல்லவில்லை.

இந்தச் சேவைக்கு நான் உத்தேசிக்கும் கட்டணம் வருமாறு. வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் தங்களின் முதல் படி 30 யூனிட். ஒரு பவர் பேங்க் ஒரு யூனிட்டின் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 400க்கு மேற்பட்ட பவர் பேங்குகளைக் காலி செய்த பிறகே என் வாடிக்கையாளர் இரண்டாம் படியில் கால் வைப்பார். ஆகவே டீச்சருக்குக் குவைத் அழைப்பு இலவசம். த்ரீவீல் தம்பி பெரிய பள்ளிவாசல் வரை ஒரு ட்ரிப் இனாமாகப் போவார். ட்யூஷன் பிள்ளைகளுக்குக் கடன்.

தரக் கட்டுப்பாட்டிலும் ஆணைக்குழு எனக்கு உதவ வேண்டும். கண்டி நடைபாதையில் “50,000” என்று பொன்னெழுத்தில் அச்சிட்ட பவர் பேங்க் விற்கிறார்கள், விலை ஜெர்மன்காரருடையதில் கால்வாசி. 100 வொட் மணிக்கு மேற்பட்ட பவர் பேங்கை விமான நிறுவனத்தின் அனுமதியில்லாமல் பயணி கொண்டுபோக முடியாது. எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒன்றைக் கொண்டுவர மட்டும் விடுகிறது, பறக்கும்போது பாவிக்க விடுவதில்லை. நடைபாதைச் சரக்கில் எழுதியிருப்பது உண்மையானால் அது 185 வொட் மணி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறிபோகும். பறிபோகவில்லையானால் எழுதியிருப்பது பொய். வாங்குபவர் இரண்டில் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். கையில் தூக்கிப் பார்த்து, கனமில்லாததைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

சூரியத் தகடு பற்றிய சந்தேகம் ஒன்றும் தீர்த்துவைக்கப்பட வேண்டும். 2025 சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில், பகலில் பாவனை குறைவு, கூரைகளில் உற்பத்தி அதிகம், கட்டமைப்பு தாங்காது என்று மின்சார சபை கூரைச் சூரிய உரிமையாளர்களைத் தங்கள் தகடுகளைப் பகலில் அணைத்துவைக்கச் சொன்னது. நக்கிள்ஸ் மலைக்கு நடக்கக் கிளம்பும் பயணிகள் முதுகுப் பையில் மடிப்புச் சூரியத் தகடு தொங்கவிட்டுப் போகிறார்கள், 28 வொட் இருக்கும். புத்தாண்டு நண்பகலில் அவர்களைத் தடுத்து மடிக்கச் சொல்வது என் கடமையா, பொலிசாரின் கடமையா? மடிக்க மறுத்தால் என்ன பிரிவு? கண்டி மழையைப் பற்றித் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒக்டோபரில் இந்தச் சிக்கல் எழாது. அந்த மாதத்தில் அந்தத் தகடு பயணியின் தலைக்குக் குடையாகப் பயன்படும்.

எதிலும் தங்கள் தயவை நாடாத ஒரே நிறுவனம் இந்த நகரில் பெரஹரா ஊர்வலம்தான். எசல மாதத்து இரவுகளில் இரும்புக் கூடைகளில் கொப்பரை எரித்து வழி காட்டுகிறார்கள். தந்த யானை தன் போர்வையில் மின்விளக்குகளைச் சுமந்துகொண்டு வருகிறது. வீதியில் எந்தப் பிளக் பொயின்ட்டையும் அது எதிர்பார்ப்பதில்லை. நீண்ட தூரம் போகிறவன் வெளிச்சத்தைக் கூடவே கொண்டுபோக வேண்டும் என்பதை எங்கள் ஊர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது; ஜெர்மன்காரர் கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

கட்டண மாற்றத்துக்கு முன் மாகாணம் மாகாணமாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் தங்கள் நல்ல வழக்கத்தை நான் அறிவேன். கண்டியில் வைக்கும்போது என் விண்ணப்பத்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளவும். மண்டபத்தில் ஒலிபெருக்கிக்குக் கரண்ட் இருக்குமா என்று தாங்கள் கவலைப்பட வேண்டாம். சார்ஜ் ஏற்றக்கூடிய சின்ன ஒலிபெருக்கி ஒன்றை ஒரு பிரெஞ்சுக்காரர் மறந்து விட்டுப்போயிருக்கிறார், நான் கொண்டுவருகிறேன். தங்கள் லெப்டொப்பின் முள் உருண்டையா சதுரமா என்பதை மட்டும் முன்கூட்டியே அறியத்தரவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
விண்ணப்பதாரர்,
கண்டி.

இணைப்பு: வீட்டுக்காரியின் விநியோகக் கொப்பி (பிரதி), அடையாள அட்டை (பிரதி), போல்பொயின்ட் மூடி 1 (அசல்).