சூரிய ராஜாவும் புதன்கிழமை ஊசியும்

"ராஜா மாதிரி இருக்கணும்" என்று யாராவது வாழ்த்தினால், எந்த ராஜா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பிரான்சின் பதினான்காம் லூயி என்றால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு நழுவிவிடுங்கள்.

மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. 1643-ல் நாலு வயதில் பட்டத்துக்கு வந்து 72 வருஷம் இடத்தைக் காலி செய்யாதவர். சூரியனே அவருடைய சின்னம். வெர்சாய் அரண்மனையில் 357 கண்ணாடிகள் பதித்த மண்டபமே கட்டினார். கண்ணாடியெல்லாம் ஜோர்தான், குளிருக்குத்தான் வழியில்லை. 1695 பிப்ரவரியில் ராஜாவின் சாப்பாட்டு மேஜையிலேயே ஒயின் உறைந்துபோனதாக அவருடைய தம்பி மனைவி கடிதம் எழுதியிருக்கிறார். சூரியனுக்கு எதிரே கோப்பையில் ஐஸ்!

தோட்டத்து நீரூற்றுகளுக்கும் தண்ணீர் பற்றாது. ராஜா உலாவ வந்தால், ஆட்கள் விசிலடித்து சேதி சொல்லி, அவர் வரும் பக்கத்து ஊற்றை மட்டும் திறப்பார்கள். அவர் தாண்டியதும் மூடிவிடுவார்கள். இந்தப் பஞ்சத்தைத் தீர்க்க சேன் நதியில் 14 ராட்சதச் சக்கரங்கள் வைத்து, 1684-ல் ஒரு யந்திரத்தை ஓடவிட்டார்கள். அடுத்த வருஷமே, சக்கரம் எதுவும் இல்லாமல் இன்னொரு ஊற்று தானாகக் கிளம்பியது. இடம்: ராஜாவின் மூக்கு.

மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியவர்கள், கொசுறாகத் தாடை எலும்பில் ஒரு துண்டையும் பெயர்த்துவிட்டார்கள். அண்ணத்தில் ஓட்டை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே பீய்ச்சும். ஓட்டையை அடைக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். ஆபரேஷனுக்கு ஈதர் மயக்கம் என்பதை ஊரறிய பாஸ்டனில் செய்துகாட்டியது 1846-ல். 161 வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கலாம் என்றால், பல்லும் இல்லை.

1686-ல் சூரியனுக்கு அஸ்தமன திசையில் கோளாறு. பஸ் ஸ்டாண்டு சுவர்களில் மூலத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்குமே, அந்தப் பௌத்திரம். அறுவை சிகிச்சைக்காரர் ஃபெலிக்ஸ் இதற்கென்றே வளைந்த கத்தி ஒன்றைச் செய்துகொண்டு, பாரிஸ் தர்மாஸ்பத்திரி ஏழைகள் மேல் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார். நவம்பர் 18-ஆம் தேதி அரங்கேற்றம். ராஜா முழு நினைவோடு குப்புறக் கிடந்தார், பிழைத்தும் விட்டார். ஃபெலிக்ஸுக்குப் பணமும் பண்ணையும் கிடைத்தன.

அதோடு விட்டதா? பௌத்திரம் ஃபேஷனாகிவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட பிரபுக்கள் தங்களுக்கும் அதே ஆபரேஷன் வேண்டுமென்று வந்து நின்றதாகவும், "உங்களுக்கு அந்த வியாதியே இல்லை" என்று சொன்னதும் கோபித்துக்கொண்டதாகவும் தியோனிஸ் என்ற அந்தக்காலத்து அறுவை நிபுணர் எழுதி வைத்திருக்கிறார். ராஜா பிழைத்ததைக் கொண்டாட ஒரு கச்சேரி வேறு. ஆஸ்தான சங்கீதக்காரர் லூல்லி, நீளக் கம்பைத் தரையில் தட்டித் தாளம் போட்டார். ஒரு தட்டு அவர் கால்விரல் மேலேயே விழுந்தது. காயம் அழுகியது. காலை எடுத்தால்தான் உண்டு என்றார்கள். நாட்டியமாடுகிற கால் ஆயிற்றே, மாட்டேன் என்றார். 1687 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். நோயாளி பிழைத்து, நலம் விசாரிக்க வந்தவர் போன கதை இது.

அந்தக் காலத்தில் வைத்தியருக்குக் காசு கொடுக்க முடிந்ததுதான் பெரிய ஆபத்து. சந்தேகமிருந்தால் 1712-ஐப் பாருங்கள். அரண்மனைக்குள் தட்டம்மை புகுந்தது. பிப்ரவரியில் பட்டத்து இளவரசரும் அவர் மனைவியும், மார்ச்சில் அவர்களுடைய ஐந்து வயது மகனும் காலி. வைத்தியர்கள் விடாமல் ரத்தத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மிஞ்சியது ரெண்டு வயசுக் குழந்தை. வளர்ப்புத் தாய் வாந்ததூர் சீமாட்டி அதைத் தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்தி, ஒரு வைத்தியரையும் அண்டவிடவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு அதே தட்டம்மைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி போடுகிறார்கள். இலவசம். பிள்ளை ரெண்டு நிமிஷம் வீறிட்டு அழும், அவ்வளவுதான்.

குழந்தையின் கொள்ளுத்தாத்தாவான நம் ராஜாவும் 1715-ல் கால் அழுகித்தான் போனார். "வெறும் நரம்பு வலி" என்று தலைமை வைத்தியர் ஃபகோன் சாதித்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் தப்பிய அந்தக் குழந்தை, பதினைந்தாம் லூயியாக 59 வருஷம் ஆண்டுவிட்டு, 1774-ல் பெரியம்மையில் செத்தது. அதற்கு 22 வருஷம் கழித்து, இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் தன் தோட்டவேலைக்காரரின் எட்டு வயது மகனுக்கு உலகப் புகழ்பெற்ற அந்த அம்மைப்பாலைக் குத்தினார்.

ஆகவே, அடுத்த ஜென்மத்துக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் பதவியைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். 1796-க்கு முன்னால் ராஜா வேலை காலியாக இருந்தாலும் வேண்டாம். பின்னால் என்றால், தோட்டக்காரர் மகன் போதும்.