பாஸ்வேர்டு ஊருக்குப் போய்விட்டது

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மளிகைக்கடை. தீபாவளிக் கூட்டம் நெருக்கும் நேரத்தில் முதலாளி போன் போட்டார். "தம்பி, சர்வருக்குள்ள யாராலயும் போக முடியல." கணக்கு மென்பொருளைப் போட்டுக்கொடுத்தவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். தரவுத்தளமான எஸ்கியூஎல் சர்வரின் 'எஸ்ஏ' என்ற தலைமை நிர்வாகிக் கணக்குக்கான பாஸ்வேர்டும் அவரோடே விமானம் ஏறிவிட்டது. வாட்ஸ்அப்பில் கேட்டால், "மொட்டை போட பழனி வந்திருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று பதில்.

கல்லாவில் இருந்த அக்கா, முதலாளி மகளின் பெயரில் தொடங்கி, முருகனின் திருநாமங்கள் அத்தனையையும் தட்டிப் பார்த்திருந்தார். எவரும் திறக்கவில்லை.

எனக்குக் கவலையே இல்லை. சர்வர் கணினியின் விண்டோஸ் நிர்வாகி பாஸ்வேர்டு மானிட்டரிலேயே ஒட்டியிருந்தது. அது போதும். எஸ்கியூஎல் சர்வரை நிறுத்தி, 'மைனஸ் எம்' போட்டு ஒற்றைப் பயனர் முறையில் எழுப்பினால், அந்தக் கணினியின் நிர்வாகி யாராக இருந்தாலும் தரவுத்தளத்துக்கும் அவரே ராஜா. திருட்டு வழியல்ல, மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கும் வழி. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் அனுமதிப் பட்டியலையே பார்க்காமல் எழுப்ப ஒரு வழி உண்டு. வாசலில் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டாலும், வீட்டுக்காரனுக்குக் கொல்லைப்புறம் திறந்தே இருக்கிறது.

சிக்கல் வேறு. ஒற்றைப் பயனர் முறையில் இருப்பது ஒரே இடம். நான் நுழைவதற்குள் பில் போடும் மென்பொருள், தேக்கா உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிப்பவரைப்போல உட்கார்ந்துகொண்டது. 'மைனஸ் எம்' பக்கத்தில் 'எஸ்கியூஎல்சிஎம்டி' என்று சேர்த்தால் அந்தக் கருவிக்கு மட்டும்தான் இடம். சேர்த்தேன், நுழைந்தேன், 'எஸ்ஏ'வுக்குப் புது பாஸ்வேர்டு போட வேண்டியதுதான் பாக்கி.

"சுலபமா வைங்க தம்பி."

2018இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் களவுபோனதைச் சொன்னேன். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் போனது. அங்கே ஒரு நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு, 'பாஸ்வேர்டு' என்ற ஆங்கிலச் சொல்லேதான். ஓர் எழுத்துக்கு அட் குறி, இன்னோர் எழுத்துக்குப் பூஜ்யம். விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இருக்கிறது.

முதலாளி யோசித்தார். "நல்லாத்தானே இருக்கு? குறியும் இருக்கு, நம்பரும் இருக்கு."

வேதனை என்னவென்றால், விண்டோஸின் பாஸ்வேர்டுக் கடுமை விதிகளும் அதையேதான் சொல்லும்.

"அதையே வைங்க. பிரதமர் விவரத்தை எடுக்குறவன் நம்ம உளுந்துக் கணக்கையா பாக்கப்போறான்? எதிர்க்கடைக்காரனுக்குத் தெரியாம இருந்தாச் சரி."