கனவான்கள் வீட்டில் தெருப்பாட்டு

வயலின் இரண்டு, வயோலா ஒன்று, செல்லோ ஒன்று என்று நாலு பேர் மேடையேறி, மொசார்ட்டை முடித்த கையோடு ஒரு ராக் பாட்டை எடுத்தால், முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வெளியே போவார். எந்த ஊர்க் கச்சேரியானாலும் அந்த ஒருவர் உண்டு. எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை கதவை எட்டாத நடை அவருடையது. சங்கீதம் நேற்றுவரை சுத்தமாக இருந்தது, இன்று சாயங்காலம்தான் கெட்டது என்பது அவர் கட்சி. அவரைப் பிடித்து உட்காரவைத்து, காபி வாங்கிக்கொடுத்து, இந்தச் சங்கீதத்தின் ஜாதகத்தை வாசித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை.

முதல் கட்டத்தில் ஜோசப் ஹைடன். நால்வர் குழுவுக்குத் தந்தை என்று பாடப்புத்தகம் சொல்லும் மனிதர். சிறுவயதில் வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்தார். மகரக்கட்டு உடைந்தது. பையன் பாடவில்லை, காக்கை மாதிரி கரைகிறான் என்று பேரரசி மரியா தெரேசாவே அலுத்துக்கொண்டதாகக் கதை. வேலை ஆட்டம் காணும் நேரத்தில் மனிதர்கள் பொதுவாக அடக்கமாக இருப்பார்கள். ஹைடன் பக்கத்துப் பையனின் சடையைக் கத்தரித்தார். 1749-ல் பிரம்படியோடு கல்தா. வயது 17, கையில் காசு பூஜ்யம். ராத்திரி நேரத்தில் யார் வீட்டு ஜன்னலுக்குக் கீழாவது கூட்டாளிகளோடு நின்று வாசித்து, வந்த சில்லறையில் வயிறு கழுவினார்.

சில வருஷம் கழித்து ஃபூர்ன்பெர்க் என்கிற பிரபுவுக்குத் தன் கிராமத்து மாளிகையில் பொழுது போகவில்லை. சாயங்காலத்தில் கொஞ்சம் சங்கீதம் இருந்தால் தேவலை என்றார். வாசிக்கத் தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்தார்கள். ஊர்ப் பாதிரியார், பண்ணைக் காரியஸ்தர், ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் என்றொரு செல்லோக்காரர், ஹைடன். மொத்தம் நாலு. ஹைடன் நாலு பேருக்கு எழுதினார். மாளிகைச் சமையல்காரருக்கும் புல்லாங்குழல் ஊதத் தெரிந்திருந்தால், இன்றைக்கு உலகம் முழுக்க ஐவர் குழுக்களாக அலைந்துகொண்டிருக்கும். இந்த வடிவத்துக்குள் என்னென்ன தெய்வீக ஒழுங்கு இருக்கிறது என்று பிற்காலத்தில் தடித்தடியாகப் புத்தகங்கள் வந்தன. ஆள் கிடைத்த கணக்கு அது, வேறொன்றுமில்லை.

ஹைடனுக்குத் தெருவோடு உறவு விட்டுப்போகவில்லை. ஒருநாள் ராத்திரி சக இசைக்காரர் டிட்டர்ஸ்டார்ஃபோடு நடந்துபோகிறார். ஒரு பீர்க்கடையில் அரைத்தூக்கமும் அரைபோதையுமாகச் சிலர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். காதைக் கொடுத்தால், ஹைடன் எழுதிய மினுவெட் என்கிற நடன இசை. உள்ளே போய், இது யார் எழுதியது என்று கேட்டார். ஹைடன் என்று பெருமையாகப் பதில் வந்தது. பன்றி மாதிரி இருக்கிறது இந்த மினுவெட் என்றார் ஹைடன். அவ்வளவுதான், வாசித்தவர்கள் வாத்தியங்களை ஓங்கிக்கொண்டு பாய்ந்துவிட்டார்கள், அவர் மண்டையில் இறக்க. டிட்டர்ஸ்டார்ஃப் நல்ல உயரம். நண்பரைத் தன் மறைவில் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினார். ஹைடனைக் காப்பாற்ற ஹைடனையே அடிக்கத் துணிந்த ரசிகர்கள். நம் ஊர் ரசிகர் மன்றங்கள் இவர்களுக்குக் கோயில் கட்டியிருக்கும்.

அடுத்து பீத்தோவன். வீடுகளின் மூலையில் முறைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பளிங்குத் தலையைப் பார்த்தால் இந்த ஆள் டிபன் சாப்பிட்டதாகவே நம்ப முடியாது. ஆனால் டிபனைப் பற்றி வாசித்திருக்கிறார். 1797-ல் ஜோசப் வைக்ல் என்பவரின் நகைச்சுவை ஓபரா ஒன்று வியன்னாவில் ஓடியது. அதிலிருந்த ஒரு பாட்டு ஊரைப் பிடித்துக்கொண்டது. வண்டிக்காரன் முதல் வண்டியில் உட்கார்ந்த சீமாட்டி வரை எல்லோரும் சீட்டியடித்தார்கள். வேலையை ஆரம்பிக்கும் முன் வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். பியானோ, கிளாரினெட், செல்லோ மூன்றுக்கும் ஓர் உருப்படி எழுதிக்கொண்டிருந்த பீத்தோவன், அதன் கடைசிப் பகுதியில் இந்த மெட்டை எடுத்து ஒன்பது விதமாகத் திருப்பித்திருப்பி வாசித்துக்காட்டினார். கேட்டவர்கள் சொக்கினார்கள். பின்னாளில் அந்தக் கடைசிப் பகுதியை மாற்றிவிடலாமா என்று அவருக்கு யோசனை வந்ததாம். நல்லவேளை, சோம்பல் வென்றது.

1800-ல் வியன்னாவுக்கு டானியல் ஸ்டைபெல்ட் என்ற பியானோக்காரர் வந்தார். பிரஷ்யப் படையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவர். ஒரே உருப்படியை லேசாகப் பெயிண்ட் அடித்து இரண்டு பதிப்பாளர்களுக்கு விற்பார் என்று பெயர் வாங்கியவர். பியானோவில் சுரங்களை விறுவிறுவென்று நடுங்கவைத்து இடி, மழை, புயல் எல்லாம் காட்டுவார். அவர் மனைவி ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. டாம்பரின் தட்டுவதில் கெட்டிக்காரர். புருஷன் பியானோ, பெண்டாட்டி டாம்பரின் என்று இருவருக்குமாகவே அவர் உருப்படிகள் எழுதி ஊர் ஊராக வசூல் பண்ணினார். என் அபிப்பிராயத்தில், கலப்பிசை என்று இன்றைக்குப் பட்டம் கட்டித் திரிகிறவர்களின் குலதெய்வம் ஸ்டைபெல்ட்தான். அந்த ஸ்தானத்தை பீத்தோவனுக்குக் கொடுப்பது விளம்பரத்துக்காக.

ஃப்ரீஸ் பிரபு என்கிற பணக்கார வங்கிக்காரரின் வீட்டில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். முதல் நாள் பீத்தோவன் அந்த டிபன் பாட்டு உருப்படியை வாசித்தார். ஸ்டைபெல்ட் தலையை ஆட்டி, பரவாயில்லை தம்பி என்கிற தோரணையில் இரண்டு வார்த்தை பாராட்டினார். பிறகு தன் நடுக்க வித்தையைக் காட்டிச் சபையைக் கவிழ்த்தார். பீத்தோவன் மறுபடி வாசிக்க மறுத்துவிட்டார்.

எட்டு நாள் கழித்து அதே வீடு, அதே கூட்டம். ஸ்டைபெல்ட் ஒரு புதிய ஐவர் உருப்படி வாசித்தார். ஏக அமர்க்களம். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனோதர்மமாக வாசிக்கிறேன் பேர்வழி என்று, வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வந்ததை வாசித்தார். எடுத்துக்கொண்ட மெட்டு? அதே டிபன் பாட்டு. பீத்தோவன் வாசித்த அதே மெட்டு, அவர் எதிரிலேயே, அவரைவிடப் பகட்டாக. நம் பக்கத்தில் ஒரு வித்வான் முதல் நாள் பாடிய ராகத்தையே இன்னொருவர் அடுத்த கச்சேரியில் எடுத்தால் என்ன அர்த்தமோ, அங்கேயும் அதே அர்த்தம்தான்.

ஆதரவாளர்கள் பீத்தோவனைப் பியானோ பக்கம் தள்ளினார்கள். போகிற வழியில் அவர் ஸ்டைபெல்ட்டின் ஐவர் உருப்படியிலிருந்து செல்லோவுக்கான காகிதத்தை உருவிக்கொண்டார். அதைப் பியானோவின் மேல் தலைகீழாக வைத்தார். வேண்டுமென்றேதானா என்று, கதையைச் சொன்ன பீத்தோவனின் சீடர் ரீஸ் ஒரு கேள்விக்குறி போடுகிறார்; எனக்கு அந்தக் கேள்விக்குறி தேவைப்படவில்லை. தலைகீழாகத் தெரிந்த முதல் சில சுரங்களை ஒற்றை விரலால் டங், டங் என்று தட்டினார். அதையே மெட்டாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். விரிவு, திருப்பம், பாய்ச்சல். அவர் முடிப்பதற்குள் ஸ்டைபெல்ட் எழுந்து போய்விட்டார். இனி என்னைக் கூப்பிடுவதானால் அந்த ஆளைக் கூப்பிடக் கூடாது என்று நிபந்தனையே போட்டார். கடைசியில் ரஷ்யாவுக்குப் போய் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் செட்டிலாகி, அங்கேயே 1823-ல் காலமானார். இப்படி வீட்டு அறைகளில் ஒருசிலர் வாசிக்கும் அறை இசையின் வரலாற்றில் இந்த மாபெரும் போர் நடந்ததெல்லாம் ஒரு சாப்பாட்டுப் பாட்டை முன்னிட்டு.

ரஷ்யத் தூதர் ரஸுமோவ்ஸ்கி 1806-ல் நால்வர் உருப்படிகள் கேட்டபோது பீத்தோவன் அவற்றில் ரஷ்ய நாட்டுப்பாடல் மெட்டுகளைப் போட்டார். ஷூபர்ட் தன் மீன் பாட்டையே ஐவர் உருப்படிக்குள் 1819-ல் நீந்தவிட்டார். யாரும் எழுந்து வெளியே போனதாகத் தெரியவில்லை.

அப்படியானால் நம் முன்வரிசைக்காரர் எங்கிருந்து முளைத்தார்? லண்டனில், 1845-ல். ஜான் எல்லா என்றொருவர் அங்கே 'மியூசிக்கல் யூனியன்' தொடங்கினார். வாசிப்பவர்கள் நடுவில், கனவான்களும் சீமாட்டிகளும் சுற்றிலும். யார் வேண்டுமானாலும் நுழைய முடியாது, உறுப்பினர் ஆக வேண்டும். எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று விளக்கம் அச்சடித்து முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பினார். இசைக்குச் செய்யும் மிகப்பெரிய மரியாதை மௌனம் என்பது சங்கத்தின் கொள்கை. பிரபுக்கள் வீட்டில் சீட்டாட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே வாசிக்கப்பட்ட சரக்கு, இப்படி ஒரே தலைமுறையில் பூஜை அறைக்குள் போனது. இருமல் வந்தாலும் அடுத்த இடைவெளிவரை அடக்க வேண்டும் என்கிற சட்டத்துக்கு இந்த மாதிரி ஆட்கள்தான் பொறுப்பு. ஜான் எல்லாவைத் திட்ட மனம் வரவில்லை. நல்ல வாசிப்புக்கு நல்ல காசு கொடுத்தவர் அவர். ஆனால் அந்தக் காலத்திலிருந்துதான் நாற்காலியில் நேராக உட்காருவது ரசனைக்கு அடையாளமாயிற்று.

பூஜை அறை என்றதும் மணலி ஞாபகம் வருகிறது. வியன்னாவில் டிபன் பாட்டு ஓடிய காலத்தை ஒட்டி, மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தின் பாண்டு முழங்கிக்கொண்டிருந்தது. மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்த ராமசாமி தீட்சிதரின் பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். மூத்தவர் முத்துசாமி தீட்சிதர். யாரைச் சாஸ்திர சுத்தத்துக்கு உச்சி என்கிறோமோ அவரேதான். வெள்ளைக்காரன் பாண்டு மெட்டுகளைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டாரா? சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டு அவற்றை அம்பாளுக்கும் பிள்ளையாருக்கும் சமர்ப்பித்துவிட்டார். நொட்டுஸ்வரங்கள் என்று சுமார் நாற்பது உருப்படிகள். இங்கிலாந்து அரசரைக் கடவுள் காக்கட்டும் என்கிற மெட்டில் அவர் தேவியைத் தன்னைக் காக்கச் சொன்னார். அரசரைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரமில்லை.

இன்னொரு மெட்டு, பிரெஞ்சுக்காரர்கள் பாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தைத்தனமான பாட்டு. இன்றைக்கு எல்.கே.ஜி. பிள்ளைகள் நட்சத்திரத்தைப் பார்த்துக் கையை விரித்து விரித்து மூடிப் பாடுகிறார்களே, அது. மொசார்ட் அதை எடுத்துப் பியானோவுக்குப் பன்னிரண்டு விதமாக எழுதினார். தீட்சிதர் அதே மெட்டில் மதுரை மீனாட்சியை அழைத்தார். ஒருவரையொருவர் கேள்விப்படாத இரண்டு மேதைகள் ஒரே தெருப்பாட்டில் கைவைத்திருக்கிறார்கள், இதில் எந்த சபாவுக்கும் பங்கில்லை. தம்பி பாலுசாமி இன்னும் ஒருபடி மேலே போய், பாண்டுக்காரர்களிடமிருந்து வயலினையே கற்றுக்கொண்டு வந்தார் என்பது மரபு. நின்று தோளில் வைத்து வாசித்த வாத்தியத்தைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரவைத்து, தலையைக் கணுக்காலில் சாய்த்து, நம் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார்கள். இன்று வயலின் இல்லாமல் கச்சேரி மேடையே ஏறாதவர்கள், கலப்படம் என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டிக் குதிக்கிறேன். நடுவில் நடந்ததெல்லாம் பெரும்பாலும் இருமலை அடக்கியதுதான். 1973-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் டேவிட் ஹாரிங்டன் என்ற இளைஞர் ரேடியோவில் ஜார்ஜ் கிரம்ப் எழுதிய 'பிளாக் ஏஞ்சல்ஸ்' கேட்டார். வியட்நாம் யுத்த காலத்து உருப்படி. வாத்தியங்களுக்கு மின்சார இணைப்பு, வாசிப்பவர்கள் பல மொழிகளில் எண்களைக் கத்துவார்கள், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளில் வில்லை இழுப்பார்கள். வேறு யாரானாலும் ஸ்டேஷனை மாற்றியிருப்பார்கள். இவர் குரோனோஸ் குவார்டெட்டை ஆரம்பித்தார். புது உருப்படி எழுதித்தர வேண்டும் என்று தன் ஆசிரியர் கென் பென்ஷூஃபைக் கேட்டார். சன்மானம் ஒரு பை டோனட். டிபன் இல்லாமல் அறை இசையில் எதுவுமே நகராது போலிருக்கிறது.

சியாட்டில், கிதாரைப் பற்றவைத்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பிறந்த ஊர். அந்த ஊர்ப் பாசமோ என்னவோ, அவருடைய 'பர்ப்பிள் ஹேஸ்' பாட்டை நாலு தந்தி வாத்தியங்களில் வாசித்தார்கள். 1986-ல் வந்த அவர்களுடைய இசைத்தட்டில் பிலிப் கிளாஸ், நான்கரோ போன்ற கெட்டியான பெயர்களோடு ஹெண்ட்ரிக்ஸும் சரிசமமாக உட்கார்ந்தார். 2005-ல் ஆஷா போஸ்லேயை அழைத்து ஆர். டி. பர்மன் பாட்டுகளுக்கே ஒரு தட்டுப் போட்டார்கள்.

அதே 1986-ல் சென்னையில் 'ஹௌ டு நேம் இட்?' என்ற இசைத்தட்டு வந்தது. இளையராஜா அதைத் தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் சேர்த்துக் காணிக்கையாக்கினார். வி. எஸ். நரசிம்மன் வயலின். காலையில் கிராமத்துக் குத்துப்பாட்டுக்கு வாசித்த அதே ரெக்கார்டிங் தியேட்டர் வில்கள் சாயங்காலம் ஃபியூக் வாசித்தன. ஓர் உருப்படிக்கு, அறை இசை தியாகராஜரை வரவேற்கிறது என்ற பொருளில் பெயர். இன்னொன்றுக்கு, பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்று. மற்றொன்றுக்கு, ஒப்பிடாதே என்று. இத்தனை பேரை ஒரே தட்டில் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு ஒப்பிடாதே என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஸ்டைபெல்ட்டிடம் அது இருந்தது. அவர் மனைவியிடம் டாம்பரினும் இருந்தது. நரசிம்மன் பின்னாளில் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்று நால்வர் குழுவே அமைத்து, கீர்த்தனைகளுக்கு மேற்கத்திய ஒத்திசைவு சேர்த்து வாசித்தார்.

இளையராஜாவின் அந்தத் தட்டு வந்து இரண்டு வருஷத்தில் பாலு மகேந்திரா 'வீடு' எடுத்தார். படத்தில் பாட்டே கிடையாது. செங்கல், மணல், சிமெண்ட், லஞ்சம், கான்டிராக்டர் ஏமாற்று என்று ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் அல்லாடுகிற கதைக்கு, இந்த இசைத்தட்டையே பின்னணியாக எடுத்துக்கொண்டார். பிரபுக்கள் மாளிகையில் புறப்பட்ட அறை இசை, கடைசியில் கூரை போட்டு முடியாத வீட்டில், குடிநீர் வாரியம் நிலத்தைக் கேட்டு நோட்டீஸ் விடும் இடத்தில் வந்து நின்றது. முன்வரிசைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்; எழுந்து வெளியே போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.